பலேர்மோ நகரத்துச் சீனிக் கனிகள்

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலி நாட்டின் காலடியிலே, மூன்று முனைகளையுடைய தீவொன்று கிடக்கின்றது. சிசிலி என்பது அதன் பெயர். பரப்பில் அது இலங்கையின் பாதியிலும் சிறியது. ஆயினும் இலங்கையைப் போலவே பல நாட்டாரின் கப்பல்களைக் கண்ட தீவு அது. கிரேக்கர், உரோமர், அராபியர், நோர்மானியர், ஸ்பானியர் எனப் பலரும் வந்து ஆண்டு சென்ற அத்தீவின் தலைநகரம் பலேர்மோ.

நாம் அந்நகரை அடைந்தது ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்திலாகும். பழங் கோயில்களையும் மாளிகைகளையும் காணும் எண்ணத்துடனேயே சென்றோம். ஆனால் எமது கண்களை முதலிற் கவர்ந்தவை கடைகளிலே கூடை கூடையாக அடுக்கப்பட்டிருந்த பழங்களே. பிளந்த மாதுளையில் முத்துக்கள் சிவந்து தெரிந்தன. அத்திப்பழத்தின் தோலில் மெல்லிய வெடிப்பு ஓடியது. பீச் பழத்தின் கன்னத்திலே இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. இவற்றுள் ஒன்றாயினும் மரத்திலே காய்த்ததன்று. அத்தனையும், பாதாம் என்று நாம் வழங்கும் வாதுமைப் பருப்பையும் சீனியையும் கொண்டு மனிதர் கையாற் செய்தவை.

பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் வீட்டிலேயே கேக் செய்து, அதன்மேற் சீனிப் பூக்களும் பொம்மைகளும் வைத்து அழகுபடுத்தும் கலை இன்று எமது நாட்டிலும் பல இல்லங்களிற் பரவியிருக்கின்றது. அக்கலைக்குப் பழமையான தாய்வீடுகள் சில உண்டு. பலேர்மோ அவற்றுள் ஒன்று.

பெல்லினிச் சதுக்கம்

நகரின் நடுவே பெல்லினிச் சதுக்கம் என்னும் இடம் இருக்கின்றது. அங்கே சிவந்த குமிழ்க் கூரைகளையுடைய சிறு கோயிலொன்றும், அதனருகே மார்த்தொரானா என்னும் கோயிலும் நிற்கின்றன. மார்த்தொரானாவை 1143ஆம் ஆண்டிலே, இரண்டாம் ரொஜர் மன்னனின் கடற்படைத் தலைவனாகிய அந்தியோக்கியா ஜோர்ஜ் என்பவன் எடுப்பித்தான். உள்ளே பொன்னிறப் பதிகற்களால் ஆன ஓவியங்கள் விளக்கொளியில் மின்னுகின்றன. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பலேர்மோவின் அராபிய நோர்மானியக் கட்டடங்களை உலக மரபுரிமைச் செல்வங்களாக ஏற்றபோது, இக்கோயிலும் அவற்றுள் இடம்பெற்றது.

இதன் அயலிலே 1194ஆம் ஆண்டில் எலோயீசா மார்த்தொரானா என்னும் பிரபுகுலப் பெண்மணி கன்னியர் மடமொன்றை நிறுவினார். பின்னாளிற் கோயிலும் அம்மடத்துக்கே உரியதாயிற்று. அவர் பெயரே கோயிலுக்கும் வழங்கலாயிற்று. வாதுமைப் பழங்களுக்கும் இன்றுவரை அதே பெயர்தான்: 'மார்த்தொரானாப் பழம்'.

பெயர் வந்த காரணத்தை ஊரார் ஒரு கதையாகச் சொல்லுகின்றனர். பெருந்தலைவர் ஒருவர் மடத்தைப் பார்க்க வந்தாராம். அவர் மன்னர் என்பாரும் உளர். மேற்றிராணியார் என்பாரும் உளர். வந்த காலமோ மரங்களிலே பழமில்லாத காலம். வெறுங்கிளைகளைக் காட்ட மனமில்லாத கன்னியர், வாதுமைக் களியினாற் பழங்கள் செய்து, வர்ணந் தீட்டி, தோட்டத்து மரங்களிலே தொங்கவிட்டனராம். கதை எவ்வாறாயினும், சீனி இத்தீவுக்கு வந்த வழி வரலாறாகும். 831ஆம் ஆண்டில் பலேர்மோவைக் கைப்பற்றிய அராபியர், கரும்பையும் தோடை, எலுமிச்சை இனங்களையும் சிசிலியிலே பரப்பினர். வாதுமையோ அதற்கு முன்னரே அங்கு விளைந்தது. இரண்டும் சேர்ந்த இடத்திலே இப்பண்டம் பிறந்தது.

சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் இருப்பது சாந்தா கத்தரீனா என்னும் டொமினிக்கன் கன்னியர் மடம். 1866ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு சட்டமியற்றித் துறவற மடங்களின் சொத்துக்களைப் பறித்தபின், பல மடங்களில் எஞ்சியிருந்த கன்னியருக்குப் பலகாரஞ் செய்து விற்பதே பிழைப்பாயிற்று. சுவரிலே பொருத்திய சுழலும் மரப்பெட்டி ஒன்றுண்டு. வெளியே நிற்பவர் அதிற் காசை வைப்பார், பெட்டி சுழலும், பலகாரம் வெளியே வரும். செய்த கையையும் முகத்தையும் ஒருவருங் காணார். இம்மடத்தின் கடைசிக் கன்னியர் 2014ஆம் ஆண்டிலே வெளியேறினர். 2017ஆம் ஆண்டு முதல் மடத்தின் ஒரு பகுதியிலே பலகாரக் கடையொன்று, பலேர்மோ மடங்களின் பழைய செய்முறைகளைத் தேடியெடுத்துச் செய்துவருகின்றது.

மரித்தோர் கொணரும் பரிசு

நாம் சென்ற வாரத்திலே நகரமெங்கும் இப்பழங்கள் குவிந்திருந்தமைக்குக் காரணம் உண்டு. நவம்பர் 2ஆம் நாள் மரித்தோர் திருநாள். முதல்நாள் இரவிலே, இறந்துபோன பாட்டன் பாட்டியர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துச் செல்வர் என்பது சிசிலி மக்களின் வழக்கு. விடிந்ததும் பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் தேடுவர். மறைவிடங்களிலிருந்து மார்த்தொரானாப் பழங்களும், குதிரைவீரர் வடிவாக வார்த்து வர்ணந் தீட்டிய சீனிப் பொம்மைகளும் வெளிவரும். குழப்படி செய்யும் பிள்ளைகளின் பாதங்களை மரித்தோர் துருவுபலகையாற் சுரண்டுவர் என்ற பயமும் உண்டு. ஆகையால் அன்றிரவு வீட்டிலுள்ள துருவுபலகையை ஒளித்துவைப்பராம்!

நாமோ ஆட்டைத் திவசத்தின்போது இறந்தவர்க்கு விருப்பமான பண்டங்களை அவர்களுக்குப் படைக்கின்றோம். அங்கே இறந்தவர் பிள்ளைகளுக்குப் படைக்கின்றனர். வழி வேறாயினும், இனிப்பொன்றைக் கையிலெடுத்து இல்லாதவரை நினைப்பது இரு நாட்டுக்கும் பொதுவே.

கசாத்தா என்னும் கேக்

எமது ஐஸ்கிறீம் கடைகளில் 'கசாட்டா' என்ற பெயர் பழக்கமானது. அதன் பிறந்தகமாகிய சிசிலியிலே கசாத்தா என்பது ஐஸ்கிறீம் அன்று. ஈஸ்டர் பெருநாளுக்குச் சிறப்பான கேக். சரிந்த விளிம்புடைய தட்டிலே பச்சை வாதுமைக் களித் துண்டையும் மெத்தென்ற கேக் துண்டையும் மாறி மாறிச் சுற்றிலும் அடுக்குவர். நடுவிலே சீனி சேர்த்த செம்மறிப் பாற்கட்டியை நிரப்புவர். பின்னர் கவிழ்த்து, வெண்மையான சீனிப் பூச்சை ஊற்றி, பாகிலே ஊறிய தோடை, செரி, பூசணி வகைகளைப் பூவிதழ்போல் மேலே பரப்புவர்.

பொண்டன்ட் என்று இன்று நாம் கூறும் பூச்சுக்கு இருவகை உண்டு. ஊற்றுவது ஒன்று, மா போலப் பிசைந்து, உருளையாற் தேய்த்து விரிப்பது மற்றொன்று. கசாத்தாவின் பூச்சு முதல்வகையைச் சேர்ந்தது. எமது வீட்டுக் கேக்குகளை மூடுவது இரண்டாம் வகை.

மலைமேல் ஒரு பாடம்

தீவின் மேற்குக் கரையிலே, திராப்பானி நகரத்துக்கு மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தில் எரிச்சே என்னும் சிற்றூர் மேகத்தினுள் ஒளிந்திருக்கின்றது. கம்பியிலே தொங்கிச் செல்லும் ஊர்தியில் நாம் அங்கே ஏறினோம். அவ்வூரின் பலகாரப் புகழுக்குக் காரணர் மரியா கிரம்மாத்திக்கோ என்னும் அம்மையார். தந்தை இறந்தபின், 1950களின் தொடக்கத்தில், 11 வயதுச் சிறுமியாக இருந்த இவரை வறுமை காரணமாகத் தாயார் சான் கார்லோ மடத்து அநாதை இல்லத்திலே சேர்த்தார். வாதுமை உடைத்தலும் தோலுரித்தலும் அரைத்தலும் சிறுமியரின் நாளாந்த வேலை. செய்முறையை எவரும் ஏட்டிலெழுதிக் கையிற் கொடுக்கவில்லை. கண்ணாற் கண்டு, கையாற் பழகி, மனத்திலே பதித்துக்கொண்டார். 1960களிலே வெளியே வந்து, கற்ற தொழிலை நம்பிக் கடை வைத்தார். 'கசப்பு வாதுமை' என்று பொருள்படும் பெயரோடு, சிசிலியில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் மேரி டெயிலர் சிமெத்தியுடன் சேர்ந்து இவர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வரலாற்றையும் செய்முறைகளையும் ஒருங்கே கூறுகின்றது.

அநாதைச் சிறுமி ஒருத்தி ஓரக்கண்ணாற் பார்த்துப் பழகியதாலேயே அம்மடத்தின் பண்டங்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன.

எம்மவர் வீட்டிலே

பலேர்மோவிலே எம்மவர்க்கும் ஓரிடம் உண்டு. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் அங்கே குடியேறினர். நகரைக் காக்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெகிரீனோ மலையில் இருக்கின்றது. கத்தோலிக்கரோடு சைவர்களும் அம்மலையேறி வழிபடுவது அந்நகரத்தார் நன்கறிந்த காட்சி.

பல்லாரோச் சந்தைக்கு அருகே வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று, தம் இளைய மகளின் 7ஆவது பிறந்தநாளுக்கு எம்மை அழைத்திருந்தது. பகலெல்லாம் இத்தாலியர் வீடொன்றில் வேலை செய்யும் தாயார், இரவிலே கண்விழித்துக் கேக்கைத் தாமே செய்திருந்தார். இரண்டடுக்கு, வெண்ணிறப் பொண்டன்ட் ஒரு சுருக்கமுமின்றிப் போர்த்தியிருந்தது. உச்சியிலே வாதுமைக் களியாற் செய்த ஒரு சீப்பு வாழைப்பழமும், ஒரு பனம்பழமும், நடுவே பெரிய மாம்பழம் ஒன்றும் இருந்தன.

நகரத்துக் கடைகளிலே பீச்சுக்கும் மாதுளைக்கும் அச்சு உண்டு. மாமரங்கூட இப்பொழுது சிசிலியிலே வளர்கின்றது. ஆனால் கறுத்தக்கொழும்பானுக்கு அச்சு ஏது? அதைக் கையாலேயே உருட்டி, மூக்கை வளைத்து, கரும்பச்சையின்மேல் மஞ்சளைப் படரவிட்டிருந்தார்.

“கடையிலை பீச்சும் மாதுளையும் வாங்கலாம், அண்ணை. எங்கட மாம்பழத்தை ஆர் செய்து தரப்போகினம்?” என்றார்.

சிறுமி அம்மாம்பழத்தை நெடுநேரம் பார்த்தாள். “அப்பம்மா வீட்டு மரத்திலை காய்க்கிறது இதைவிடப் பெரிசோ?” என்று கேட்டாள். தாயார், “இதைவிடப் பெரிசு” என்று மட்டும் சொன்னார். அம்மரம் போர்க்காலத்திலேயே வீட்டோடு அழிந்துவிட்டது என்பதைப் பின்னர் எமக்குத் தனியே கூறினார்.

மாம்பழத்தை வெட்டச் சிறுமிக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே பெட்டியில் வைத்துக்கொள்ளக் கேட்டாள். தாயார் உடன்படவில்லை. “தின்னத்தானே செய்தது” என்று கூறித் தாமே வெட்டி, பெரிய துண்டை மகளின் வாயில் ஊட்டினார். வேண்டுமானால் அடுத்த ஞாயிறு மகளும் கூடவிருந்து இன்னொன்று செய்யலாம் என்றார். பழத்தை வைத்திருப்பதிலும் அதைச் செய்யும் கையை வைத்திருப்பதே மேல் என்று அத்தாய் எண்ணினார் போலும்.

எமது அடுக்களைக்கு

செய்முறையை அவரிடமே கேட்டறிந்தோம். வாதுமை மாவும் சீனியும் சம நிறை. ஒரு கிலோ சீனிக்குக் கால் லீற்றர் தண்ணீர். சீனியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணித்து, மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். களி திரண்டு சட்டியின் ஓரத்தை விட்டு வந்ததும் பலகையிலே கொட்டி, ஆறியபின் வழுவழுப்பாகப் பிசைய வேண்டும். உருச் செய்தபின் ஒரு நாள் காயவிட்டு, உண்ணத்தக்க வர்ணத்தைத் தூரிகையாற் தீட்டலாம். முட்டையும் ஜெலற்றினும் இதிற் சேரா. ஆதலால் சைவ உணவினர்க்கும் ஏற்றது. வாதுமை விலைமிகுந்த எமது நாட்டிலே, கிறிஸ்மஸ் கேக்கின்மேற் பூச நெடுங்காலமாகக் கஜுவை அரைத்தே 'ஆமண்ட் பேஸ்ற்' செய்துவருகின்றனர். அக்கஜுமாவே இப்பழங்களுக்கும் போதும். பருப்பு வகை ஒவ்வாத பிள்ளைகள் விருந்தினருள் உண்டா என்பதை மட்டும் முன்னரே விசாரித்துக்கொள்க.

கேக்கைப் போர்த்தும் பொண்டன்டுக்கு, ஒரு கிலோ ஐசிங் சீனி, கால் கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து உருக்கிய ஒரு மேசைக்கரண்டி ஜெலற்றின், அரைக் கோப்பைக் குளுக்கோஸ் பாகு, ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் ஆகியவை வேண்டும். பிசைந்ததை ஈரக்காற்றுப் படாமல் இறுகச் சுற்றி ஓரிரவு வைத்தபின் விரித்தால், கிழியாது. போர்த்திய கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால், எமது நாட்டு ஈரக்காற்றிலே அது வியர்த்துப் பிசுபிசுக்கும். காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையே நன்று. மேலே வைக்கும் உருவங்களிற் கம்பியோ பற்குச்சியோ செருகியிருந்தால், பரிமாறுமுன் எண்ணி எடுத்துவிடுதல் வேண்டும்.

வாசக நேயர்களே, இவ்வாண்டுப் பண்டிகைக்குக் கேக் செய்வோர், கடையிலே விற்கும் அந்நிய நாட்டுப் பொம்மையை வாங்கி வைக்குமுன் சிறிது எண்ணிப் பாருங்கள். உங்கள் வளவிலே நின்ற பலாவை, கிணற்றடியிலே காய்த்த மாதுளையை, வேலியோரத்து விளாம்பழத்தை ஒருமுறை செய்து பாருங்கள். பிள்ளைகளையும், பெண்ணென்றும் ஆணென்றும் பாராமல், பக்கத்திலே இருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் செய்யும் பழம் கோணலாக இருக்கலாம். அதையும் கேக்கின் உச்சியிலே வையுங்கள்.