தகட்டில் அடங்காத கை

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் போகிற வழியில் நேர்த்திக்கடனுக்கு விற்கிற வெள்ளித் தகடுகளைக் கவனியுங்கள். கண்மலர், கை, கால், வயிறு, ஆள் உரு. முழுக்காலும் உள்ளங்கையில் அடங்கும். முழு ஆளும் அப்படித்தான். கண்ணுக்கும் காலுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாங்குகிற யாரும் அதைக் கேட்பதுமில்லை. நோவு எங்கேயோ அந்த உறுப்புதான் அன்றைக்குப் பெரிசு.

அச்சடிக்கிறவர் வசதிக்காக அப்படி அடித்திருக்கலாம். ஆனால் மூளை போடுகிற கணக்கும் ஏறக்குறைய இதுதான். 1937இல் மான்ட்ரியல் மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, எந்த உறுப்பின் உணர்வு மூளையில் எங்கே இருக்கிறது என்று வெளியிட்டார். உதட்டுக்கும் விரல்களுக்கும் தாராளமான இடம். அத்தனை பெரிய முதுகுக்கு ஒரு ஓரம்!

பல் பிடுங்க மரப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு உதடு பணியாரமாய் உப்பிவிட்டதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் பழைய உதடுதான். 1999இல் ஆஸ்திரேலியாவில் கட்டைவிரலை மரக்கடித்துப் பார்த்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் விரல் 60, 70 சதவீதம் பெருத்துவிட்டதாக உணர்ந்தார்கள். 2010இல் லண்டனில் இன்னொரு சோதனை. கையைப் பலகைக்கடியில் மறைத்து, விரல் நுனியும் கணுவும் எங்கே இருக்கின்றன என்று மேலே காட்டச் சொன்னார்கள். விரலைக் குட்டையாகவும் கையை அகலமாகவும் காட்டினார்கள். அவர்களிடமே படங்களைக் கொடுத்து உங்கள் கை எது என்றால், சரியாக எடுத்துவிட்டார்கள். பிறந்தது முதல் கூடவே இருக்கிற கை!

இந்தச் சிவகாசி வட்டாரத்தில் இது வெறும் வேடிக்கையில்லை. வெடி ஆபீஸ் (பட்டாசு ஆலை) விபத்தில் கை போனவர்கள் இங்கே உண்டு. போன கை பலருக்கு இருந்துகொண்டே இருக்கும், வலிக்கவும் செய்யும். சிலருக்கு அது நாளாக ஆக முழங்கையைத் தொலைத்துக் குறுகி, வெறும் பஞ்சாவாகத் தோளருகே வந்து ஒட்டிக்கொள்ளும். எந்த அச்சிலும் இல்லாத உரு அது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இந்த வலிக்கு ஒரு வழி கண்டார். பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். அதைப் பார்த்துக்கொண்டே அசைத்ததில், இறுகிக் கிடந்த இல்லாத கை சிலருக்கு விரிந்து கொடுத்தது. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் பெரிய செலவும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு அட்டைப்பெட்டி. சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்?