அக்காவின் முகமும் பெட்டியில் அச்சடித்த எண்ணும்

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷத்தை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப ஒரு ஸ்டூடியோவில் அக்காவைப் போட்டோ எடுத்தார்கள்.

அக்கா நல்ல கறுப்பு. ஸ்டூடியோக்காரர் முதலில் பவுடர் பூசினார். பிறகு முகத்தில் விளக்கைக் கொட்டினார். அதுவும் போதாதென்று நெகட்டிவில் பென்சிலால் தீட்டினார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுப்பாக வரும். வந்த படத்தில் இருந்தது யாரோ ஒரு சிவப்புப் பெண். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மாள் கூடத்தில் உட்கார்ந்தபடியே, "போட்டோவிலே இருக்கிற பொண்ணு எங்கே?" என்று கேட்டாள். காபி டம்ளரோடு நின்றிருந்த அக்காவின் காதிலும் அது விழுந்தது.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அதன்பின் அக்கா கேமராவுக்கு முன்னால் ஒழுங்காக நின்றதே இல்லை. குடும்பப் படங்களிலெல்லாம் யாருடைய தோளுக்காவது பின்னால்தான் இருப்பாள்.

நான் பணி ஓய்வு பெற்றபின் என் மகன் பிரான்சிலிருந்து ஒரு பழைய 4×5 அங்குலக் கேமராவும், இல்ஃபோர்ட் எச்.பி.5 ப்ளஸ் ஷீட் ஃபிலிம் ஒரு பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியில் இருபத்தைந்து ஷீட். ரோல் ஃபிலிம்போல ஒரே சுருளாக இல்லாமல் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி ஷீட். அதனால் ஒவ்வொன்றையும் அதற்குத் தகுந்த நேரத்தில் தனியாக டெவலப் செய்யலாம். இதில் அக்காவை அவள் நிறத்திலேயே எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது.

பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 400 என்று அச்சடித்திருந்தது. அச்சடித்த எண்ணை நம்பியே முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் நான். ஆனால் எஸ்டிமேட்டில் உள்ள தொகையும் கடைசியில் ஆன செலவும் ஒன்றாக இருந்ததை என் சர்வீஸில் அபூர்வமாகத்தான் கண்டேன். ஃபிலிமும் அப்படித்தான். அந்த 400 ஆய்வுக்கூடத்தில், வரையறுத்த முறைப்படி அளந்த எண். என் ஷட்டர் பழசு. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். எனவே நானே சோதித்துப் பார்த்தேன்.

மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியையும் பக்கத்தில் என் கறுப்புக் குடையையும் தொங்கவிட்டு மூன்று ஷீட் எடுத்தேன். மீட்டரில் முதல் ஷீட்டுக்கு 400, இரண்டாவதற்கு 200, மூன்றாவதற்கு 100 என்று வைத்தேன். எண் பாதியானால் ஃபிலிமுக்குக் கிடைக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும்.

டெவலப்பராக ஐ.டி.11 எடுத்துக்கொண்டேன். கோடாக்கின் டி-76-ம் இதுவும் ஒரே பக்குவம்தான்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், வெங்காரம் 2 கிராம். நம் பத்தர்கள் நகையைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். ரொடினால் 1891-இலிருந்தே இருக்கிற நல்ல மருந்து. ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் நிழல் பகுதிகளில் அது கொஞ்சம் கஞ்சன். எனக்கு வேண்டியதோ நிழல்தான். அதனால் ரொடினால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐ.டி.11-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் இந்த ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம். எங்கள் வீட்டில் 20-க்கு இறக்குவது பெரும்பாடு. டிரேயைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டு 24-இல் நிறுத்தி, 9 நிமிடம் என்று கணக்குப் போட்டேன். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. கும்மிருட்டில் டிரேயை ஆட்டிக்கொண்டு நொடிகளை வாய்விட்டு எண்ண வேண்டும். நான் கணக்குப் படித்தது பிரெஞ்சில். இருட்டில் இன்றைக்கும் 'அன், தூ, த்ருவா' என்றுதான் வருகிறது.

400 வைத்த ஷீட்டில் குடை வெறும் கறுப்புப் பொட்டலமாக இருந்தது. 200-இல் அதன் மடிப்புகள் தெரிந்தன. 100-இல் இன்னும் நன்றாகத் தெரிந்தன, ஆனால் வேட்டி நெகட்டிவில் தார்போல அடைத்துக்கொண்டது. எனவே 200 என்று முடிவு செய்தேன். அதிலும் வேட்டி கொஞ்சம் கனமாகவே இருந்ததால் நான்காவது ஷீட்டை 200-இல் எடுத்து, ஏழரை நிமிடத்தில் நிறுத்தினேன். மருந்தில் நிழல் பகுதி சீக்கிரமே வந்து நின்றுவிடும். வெளிச்சப் பகுதிதான் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். ஆகையால் நேரத்தைக் குறைத்தால் வெள்ளை அடங்கும், நிழலுக்கு அவ்வளவாக நஷ்டமில்லை. அந்த நெகட்டிவைச் செய்தித்தாள் மேல் வைத்தேன். வேட்டி இருந்த இடத்தின் வழியாக எழுத்து மங்கலாகப் படிக்க முடிந்தது. அதுதான் சரியான பதம்.

பிரெஞ்சில் டெவலப்பருக்கு 'ரெவெலாத்தர்' என்று பெயர், வெளிப்படுத்துவது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அது வெறும் வார்த்தை. இப்போதுதான் புரிந்தது: ஃபிலிமில் வெளிச்சம் பதித்ததைத்தான் அது வெளிப்படுத்தும். பதியாத நிழலை எந்த மருந்தாலும், எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் கொண்டுவர முடியாது.

தை மாதம் ஒரு காலை அக்காவைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். "எனக்கு எதுக்குடா போட்டோ?" என்றாள். "சும்மா உக்காருக்கா, ஃபிலிம் வீணாப் போயிடும்" என்றேன். வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது, உட்கார்ந்துவிட்டாள். வெள்ளை வாயில் புடவை, பின்னால் சுண்ணாம்புச் சுவர். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். புடவையைக் காட்டினால் முகத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே மோவாய்க்குக் கீழே கழுத்து நிழலை மட்டும் அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்தேன். எஃப் 11, பதினைந்தில் ஒரு நொடி. "மூச்சை நிறுத்திக்கக்கா." பவுடர் கிடையாது, விளக்கு கிடையாது.

அன்று ராத்திரி இருட்டில் நானூற்று ஐம்பது வரை எண்ணினேன்.

படத்தைப் போட்டுக் கொடுத்ததும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கன்னச் சுருக்கம், நெற்றித் தழும்பு, கறுப்புத் தோலின் மேல் காலை வெளிச்சத்தின் பளபளப்பு என்று எல்லாமே இருந்தது. "பவுடர் போடலியே?" என்றாள். "இல்லக்கா." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது நான்தான்டா" என்றாள். பிறகு, "அம்மா சாடை இருக்கு, பாரு" என்றாள்.

1962-இல் எடுத்த அந்தப் படம் அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கிறது. புதிய படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, ஆணி அடிக்க இடம் காட்டியவள் அக்காவேதான்.