1800 ரியால்

அந்த உம்மா முதன்முதலாக என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணை, காணி உறுதி, மின்சாரப் பட்டியல்கள் ஒரு கட்டு, பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று. மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: “மகன், நான் காணிய விக்கல்ல. ஈடுதான் வெச்சன்.”

காணி எத்தாளையில். வீட்டோடு சேர்த்து 30 பேர்ச்சஸ். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் இவரும் ஒருவர். கொஞ்சக் காலம் ஓலைக் கொட்டில். கணவர் இறந்த பிறகு சவூதிக்குப் போய் நான்கு வருடம் வீட்டு வேலை செய்தார். மாதம் 400 ரியால். சாப்பாடும் படுக்கையும் அந்த வீட்டிலேயே என்பதால் அந்த 400இல் ஒன்றும் குறையாமல் ஊருக்கு வந்தது. அந்தக் காசில் வாங்கியதுதான் இந்தக் காணி.

பொலித்தீன் பையில் இருந்த உறுதியை வாசித்தேன். அறுதி விற்பனை. விலை 8 இலட்சம். தேதி 2022 ஒக்டோபர். வாங்கியவர் இப்போது வழக்காளி. “என் காணியில் இருந்து இவர்களை வெளியேற்றித் தாருங்கள்” என்பது அவருடைய கோரிக்கை.

உம்மாவின் மகனின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் அவர் என்னிடம் வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். கடவுச்சீட்டு எடுக்க ஒரு சத்தியக் கடதாசி தேவைப்பட்டது. நான் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். எங்கே போகிறீர், என்ன சம்பளம், காசை எங்கே புரட்டினீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நிமிடம் செலவழித்துக் கேட்டிருந்தால் இந்த வழக்கே வந்திராது என்ற எண்ணம் அன்று வந்தது. இன்றுவரை போகவில்லை.

பிறகு அந்தக் கொப்பியைத் திறந்தேன். பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பின்னால் நீல மையில் பெரியவர் ஒருவருடைய எழுத்து. ‘1800 × 99 = 178,200.’ அடியில் இரண்டு கோடு.

அந்தக் கணக்கு எழுதப்பட்ட நாட்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 203 ரூபாயில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலருக்கு 3.64 என்று கட்டப்பட்ட கட்டார் ரியால் 56 ரூபாயிலிருந்து 99 ஆயிற்று. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. சின்ன இஞ்சின் வள்ளங்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். மகனுடைய வள்ளமும் அப்படித்தான். கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒரு உப முகவர் வந்தார். தோஹாவில் வேலை, 1800 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 8 இலட்சம் கட்ட வேண்டும். பற்றுச்சீட்டு பிறகு தரப்படும். அந்தக் காசுக்காகத்தான் உம்மா காணியை ஈடு வைத்தார்.

மகன் தோஹாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். 1800 அதில் இருந்தது. ஆனால் மூன்று துண்டாக இருந்தது: அடிப்படைச் சம்பளம் 1000, தங்குமிடத்துக்கு 500, உணவுக்கு 300. கடைசி இரண்டுக்கும் எதிரே ஒரு வரி: கம்பனி வழங்கினால் இந்தப் படிகள் கிடையாது.

இதைக் கம்பனியின் சூழ்ச்சி என்று சொல்ல முடியாது. கட்டாரின் 2020ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சட்டம் 2021 மார்ச் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகக் குறைந்த சம்பளம் 1000 ரியால். முதலாளி இடமும் உணவும் தராவிட்டால் அதற்கு மேல் 500உம் 300உம். கம்பனி சட்டப்படி நடந்தது. பொய் நம் ஊரில் சொல்லப்பட்டது. ஒன்றில் 1800 கிடைக்கும், அறையும் சோறும் உங்கள் செலவு. அல்லது இரண்டும் இலவசம், சம்பளம் 1000. இரண்டையும் கூட்டி ஒரே வாக்கியத்தில் சொன்னதுதான் மோசடி.

மகனின் மனைவி கொப்பியின் மற்றப் பக்கங்களில் எழுதியிருந்தது வேறு கணக்கு. மகன் போனது 2023 ஜனவரியில். 1000 ரியாலில் தொலைபேசி, சவர்க்காரம், முகாம் சாப்பாடு இறங்காத நாளில் கடையில் வாங்குவது என்று 250 போய்விடும். மிச்சம் 750. அதற்குள் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அந்த ஜூன் மாதத்தில் ரியால் 80ஐ அண்டி நின்றது. 60,000 ரூபாய் வந்தது. நாடு தலைதூக்குகிறது என்று மற்றவர்கள் ஆறுதல்பட்ட அதே மாதத்தில் இந்த வீட்டின் வருமானம் குறைந்தது. கடனோ ரூபாயில். நூற்றுக்கு ஐந்து மாத வட்டி, 40,000. உம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு மிஞ்சியது 20,000.

“சேர், கடல்ல போனாலும் இதவிடக் கூட வந்திருக்கும்” என்று மகன் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதில் இன்னொன்றும் எனக்கு விளங்கியது. அவர் கணக்குப் போட்டது ஓகஸ்டில். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் மேற்குக் கடல் கொந்தளிக்கும். நல்ல காலத்திலும் அந்த மாதங்களில் வள்ளக்காரர் கையில் காசிராது. தொழில் ஒக்டோபரில்தான் சூடு பிடிக்கும். கடலின் ஆக மோசமான மாதத்தையும் ரியாலின் ஆக உயர்ந்த விலையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்.

16 மாதம் வட்டி கட்டினார்கள். முதல் நான்கு மாதம் மனைவியின் நகையை அடகு வைத்து, பிறகு மகன் அனுப்பிய காசில். மொத்தம் 6,40,000. 2024 மார்ச்சில் கட்ட முடியாமல் போனது. மே மாதம் வழக்கு வந்தது.

சட்டம் எங்கள் பக்கம் இலகுவாக இருக்கவில்லை. காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசு உறுதியில்தான் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். எழுத்தில் உள்ளதை வாய்ச்சொல்லால் மறுக்க விடாது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. உறுதியில் ‘விற்கிறேன்’ என்று இருக்கிறது. உம்மா கையெழுத்து வைத்திருக்கிறார். “அவங்க காட்டின எடத்துல வெச்சன்” என்பது மட்டும் விடையாகாது.

எங்களுக்கு இருந்த ஒரே வாசல் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. காணியை எழுதிக் கொடுத்தவர் அதன் பயனுரிமையையும் விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், எழுதி வாங்கியவர் அவருக்காக அதை நம்பிக்கையில் வைத்திருப்பவரே. அந்தச் சூழ்நிலைகளை வாய்மொழிச் சாட்சியத்தால் நிறுவ 1840ஆம் ஆண்டுச் சட்டமும் 92ஆம் பிரிவும் தடையில்லை என்று தயாவதி எதிர் குணசேகர வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1991ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 1997ஆம் ஆண்டு அறிக்கைகளில் உள்ள திஸ நோனா எதிர் பிரேமதாச வழிகாட்டுகிறது: முத்திரைச் செலவையும் நொத்தாரிசுக் கூலியையும் கட்டியது யார், காணியில் தொடர்ந்து இருந்தது யார்.

செலவைக் கட்டியவர் உம்மா. 8 இலட்சத்திலிருந்தே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருந்தார்கள். மின்சாரப் பட்டியல் ஒரு மாதம் தவறாமல் உம்மாவின் பெயரில். விலை மதிப்பாளர் காணிக்கும் வீட்டுக்கும் போட்டது 36 இலட்சம்.

2025 ஜனவரியில் வழக்கு விளக்கத்துக்கு முந்திய விசாரணை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உறுதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வேலையை அவர் நன்றாகவே செய்தார். நான் கொப்பியைக் கொடுத்தேன். நீதிபதி அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிள்ளையின் பெருக்கல் வாய்ப்பாட்டிலும் சற்று நின்றார். பிறகு வழக்காளியைக் கேட்டார்: “மாதம் மாதம் இந்த 40,000 என்ன?”

“வாடகை, கனம் நீதிபதி அவர்களே.”

எத்தாளையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 40,000 வாடகை. நீதிபதி கொப்பியில் வட்டிப் பதிவுகள் தொடங்கும் பக்கத்துக்குத் திருப்பி, வழக்காளியின் சட்டத்தரணியிடம் நீட்டினார். 2022 நவம்பர் மாதப் பதிவு. வழக்காளியின் ஆள் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்: ‘வட்டி 40,000 கிடைத்தது.’

அந்தப் பிற்பகலே இணக்கத்துக்கு வந்தார்கள். உம்மா இன்னும் 4,50,000 ரூபாயை மாதம் 75,000 வீதம் ஆறு தவணையில் கட்டுவது, கட்டி முடித்ததும் காணியை அவர் பெயருக்குத் திருப்பி எழுதுவது, அந்த உறுதிக்கான செலவு முழுவதும் வழக்காளியைச் சேர்வது. வழக்கேட்டில் பதிந்து இரு தரப்பும் கையெழுத்து வைத்தோம்.

உப முகவருக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். முறைப்பாடு கொடுத்தோம். பற்றுச்சீட்டு இல்லை, அவருடைய தொலைபேசியும் இயங்கவில்லை.

மகன் ஒப்பந்தம் முடிந்து அந்த ஜனவரியிலேயே வந்துவிட்டார். தவணைகளில் பாதி அவர் கொண்டுவந்த காசு, மீதி கடல் கொடுத்தது. ஜூன் மாதம் இன்னொரு ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தார். இம்முறை கையெழுத்து வைக்க முன்பே வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். தோஹாவில் களஞ்சிய வேலை. அடிப்படை 1300. உணவு, இடம், விமான ரிக்கற் கம்பனியுடையது.

மூன்று பேரும் இருந்து எழுதினோம். 1300இல் கைச்செலவு 300 போக 1000. ரியால் 80 என்றால் 80,000. 70க்கு விழுந்தால் 70,000. இந்தப் பக்கம் கடல்: ஏழு மாத நல்ல உழைப்பையும் ஐந்து மாத வெறும் கையையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால், மண்ணெண்ணெய் 200க்குக் கீழே இறங்கிய பிறகும், மாதம் 45,000. வித்தியாசம் 25,000 தொடக்கம் 35,000. கடன் இல்லை என்பதால் அது முழுவதும் வீட்டுக்கு. அதற்கு விலை, இரண்டு வருடம் பிள்ளைகளைக் காணாமல் இருப்பது. போ என்றும் போகாதே என்றும் நான் சொல்லவில்லை. மனைவி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வருஷம் மட்டும்” என்றார். பணியகத்தில் முகவரின் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்து, பதிவு செய்து, செப்டெம்பரில் போனார். அதற்கு முன்பே, ஜூலையில் கடைசித் தவணை கட்டி உறுதி உம்மாவின் பெயருக்குத் திரும்பியிருந்தது.

இப்போது கடவுச்சீட்டுக்காகச் சத்தியக் கடதாசி கேட்டு வருகிறவர்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்கிறேன். இதை வாசிக்கிறவர் வீட்டில் யாராவது புறப்படுவதாக இருந்தால், காணி உறுதியைத் தூக்குவதற்கு முன் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. பணியகத்தின் இலக்கம் 1989, எந்த நேரமும் எடுக்கலாம்.