முதல் ஓட்டத்தில் தோற்ற குதிரை

நியூமார்க்கெட்டில் காலை வேளையில் கார்கள் குதிரைகளுக்காக நிற்கின்றன. வரிசையாக வரும் பந்தயக் குதிரைகள் சாலையைக் கடந்து முடிக்கும் வரை யாரும் ஹாரன் அடிப்பதில்லை. லண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், சஃபோக் வட்டாரத்தில் இருக்கும் சிற்றூர் இது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறி, கேம்பிரிட்ஜில் மாறிப் போகலாம். கிட்டத்தட்ட 3,000 பந்தயக் குதிரைகள் இங்கே பயிற்சி பெறுகின்றன.

ஊரை ஒட்டி வாரன் ஹில் என்ற புல்மேடு. காலையில் கீழே நின்று பார்த்தால் குதிரைகள் இரண்டு மூன்றாக மேட்டில் ஏறி ஓடுவது தெரியும். பக்கத்தில் கடந்து போகும்போது குளம்பொலியைவிட மூச்சொலிதான் பலமாகக் கேட்கிறது. இந்த ஊரின் தொழிலே அந்த மூச்சை வளர்ப்பதுதான். அது புரிந்தால், மே மாதம் இங்கே நடக்கும் ஒரு விநோதமும் புரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். சுங்கை பெசியிலோ, 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு மூடப்பட்ட கிராஞ்சியிலோ குளிர்காலம் என்ற இடைவெளி கிடையாது. மழை உண்டு, வெயில் உண்டு. ஆனால் பனியால் பருவம் முடிவதில்லை. பிரிட்டனில் புல்தரையில் நடக்கும் தட்டைப் பந்தயங்கள் நவம்பர் தொடக்கத்தில் முடிந்து, மார்ச் இறுதியில்தான் மீண்டும் தொடங்கும். நல்ல குதிரைகள் ஐந்தாறு மாதம்கூடப் பந்தயம் ஓடாமல் இருப்பதுண்டு. அதன் பிறகு வரும் முதல் ஓட்டத்தில்தான் பல பெரிய பெயர்கள் சறுக்குகின்றன.

2024 மே 4ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். நியூமார்க்கெட்டின் ரோலி மைல் தடத்தில் 2000 கினீஸ் பந்தயம். 1809இலிருந்து நடக்கும் இதில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட முடியும். ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. அன்று எல்லாருடைய பணமும் பேச்சும் சிட்டி ஆஃப் ட்ராய் மேல் இருந்தன. முந்தைய ஆண்டு ஓடிய மூன்று பந்தயங்களிலும் வென்ற குதிரை. பயிற்றுநர் அயர்லாந்தின் ஏய்டன் ஓ'பிரையன். சேணத்தில் ரயன் மூர். பதினொரு குதிரைகளில் அது ஒன்பதாவதாக வந்தது.

என்ன நடந்திருக்கும்? காயம் பட்டால்தான் ஒரு குதிரை தோற்கும் என்றில்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் பல காரணங்கள் ஒன்றுசேரும்.

முதலாவது, மூச்சு. பயிற்சி ஓட்டம் வேறு, பந்தயம் வேறு. பயிற்சியில் குதிரையை முழுவதுமாகப் பிழிந்தெடுக்க மாட்டார்கள். பந்தயத்திலோ ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் உச்ச வேகத்தில் போட்டி போட வேண்டும். நீண்ட விடுப்புக்குப் பிறகு வானொலி ஒலிவாங்கி முன் அமரும் யாருக்கும் இது தெரியும்: குரல் பழையபடியே இருக்கும், வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். ரோலி மைலில் இது இன்னும் கொடுமை. கடைசிப் பகுதியில் தடம் ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு முடிவுக்கோடு வரை மேடாக ஏறுகிறது. அரைகுறைத் தயாரிப்பு அந்த மேட்டில் அம்பலமாகிவிடும்.

இரண்டாவது, மிதமிஞ்சிய துடிப்பு. மாதக்கணக்கில் கூட்டத்தைப் பார்க்காத குதிரை, இரைச்சல் கேட்டதும் கிளர்ந்துவிடும். ஓட்டத்தின் முதல் பாதியில் கடிவாளத்தை இழுத்து ஜாக்கியோடு மல்லுக்கட்டினால், கடைசி 400 மீட்டருக்கு வைத்திருக்க வேண்டிய சக்தி அங்கேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, வளர்ச்சி. இரண்டு வயதில் சீக்கிரம் முற்றிய குதிரை எல்லாரையும் தோற்கடிக்கும். குளிர்காலத்தில் மற்றவை உயரமும் தசையும் கூடி அதை எட்டிப் பிடித்துவிடலாம். பள்ளியில் ஆறாம் வகுப்பில் உயரமாக இருந்த பையனை மூன்றாம் படிவத்தில் நண்பர்கள் தாண்டிவிடுவதைப் போலத்தான்.

நான்காவது, திட்டம். பயிற்றுநரின் கண் பல நேரம் ஜூன் மாதத்தில் இருக்கும். மே மாதமே குதிரையை உச்சத்துக்குக் கொண்டுபோனால், பெரிய நாளில் அது இறங்குமுகமாகிவிடலாம். அதனால் முதல் ஓட்டத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தே அனுப்புவதுண்டு.

சிட்டி ஆஃப் ட்ராய் தோற்றதும் ஓ'பிரையன் பழியைக் குதிரை மேல் போடவில்லை. தயாரிப்பில் தவறியது தாம்தான் என்றார். முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குதிரையின் புகழ் வெறும் பேச்சுதான் என்று ஒதுங்குவது. மற்றொன்று, அதே குதிரையை 28 நாளில் எப்சம் டெர்பிக்கு அனுப்புவது. அவர் அனுப்பினார். ஜூன் 1ஆம் தேதி சிட்டி ஆஃப் ட்ராய் டெர்பியை வென்றது.

அவருக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 2023இல் அவருடைய ஆகஸ்ட் ரோடின் இதே 2000 கினீஸில் பெரும் எதிர்பார்ப்போடு இறங்கி, 14 குதிரைகளில் 12ஆவதாக வந்தது. நான்கு வாரத்தில் டெர்பியை வென்றது. அடுத்த ஆண்டும் அதே கதை: மார்ச்சில் துபாயில் ஆண்டின் முதல் ஓட்டத்தில் கடைசி இடம், ஜூனில் ராயல் ஆஸ்காட்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் வெற்றி.

எல்லாத் தோல்விக்கும் ஓய்வையே காரணம் சொல்லிவிடவும் முடியாது. அதே ஆகஸ்ட் ரோடின் 2023 ஜூலையில், பருவத்தின் நடுவிலும் ஆஸ்காட்டில் கடைசியாக வந்திருக்கிறது. மறுபக்கம், இதே ஊரில் ஹென்றி செசில் வளர்த்த ஃபிராங்கெல், ஓடிய 14 பந்தயங்களிலும் வென்றது. அதைக்கூட 2011இல் அவர் நேராக 2000 கினீஸுக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டு வாரம் முன்பு நியூபெரியில் ஒரு பந்தயம் ஓட வைத்து, மூச்சைத் திறந்துவிட்டுத்தான் அழைத்துவந்தார்.

பந்தயம் கட்டுவதற்கான குறிப்பாக இதை எழுதவில்லை. பேறுகால விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பும் தாய், காயம் ஆறி ஆடுகளத்துக்கு வரும் இளைஞர், ஆண்டிறுதி விடுமுறைக்குப் பின் முதல் சோதனை எழுதும் பிள்ளை என நம்மைச் சுற்றியும் முதல் ஓட்டங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த ஒரு நாளை வைத்து நாம் எழுதும் மதிப்பீடு, அவர்கள் இரண்டாவது ஓட்டத்துக்கு வருவார்களா என்பதையே தீர்மானித்துவிடலாம்.

நியூமார்க்கெட் போகிறவர்களுக்கு: பிள்ளைகளோடு போனால் பேலஸ் ஹவுஸில் உள்ள தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பயிற்சித் திடல்களுக்குள் பொதுமக்கள் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் நடக்கலாம். காலையில் ஓரத்தில் நின்று பார்க்கலாம். மே மாதத் தொடக்கத்தில் போனால், பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தருகே கொஞ்சம் நில்லுங்கள். வியர்வையில் நனைந்து, கயிற்றை இழுத்து, வயிறு சற்றுத் தளர்ந்து வரும் குதிரை கண்ணில் பட்டால் அதன் பெயரைக் குறித்து வையுங்கள். ஜூனில் அந்தப் பெயர் மீண்டும் காதில் விழலாம்.