ரெண்டு பக்கமும் படித்தவள்

தாமலிலிருந்து கிளம்பி உயர் நீதிமன்றத்துக்குள் வேலைக்குப் போன முதல் ஆள், எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, சித்தப்பா மகள்தான். இரண்டு வருடம் ஒரு நீதிபதியிடம் லா கிளார்க். ஊரில் 'ஜட்ஜோட குமாஸ்தா' என்று சொல்லிக்கொண்டார்கள். வழக்குக் கட்டைப் படிப்பது, இரு தரப்பும் சொல்வதைக் குறிப்பெடுப்பது, பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பது, இதுதான் வேலை. எந்தத் தரப்பும் அவளுடையது இல்லை.

போன வருடம் அதை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்காக வாதாடும் ஒரு சட்ட நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். கைக்கு வரும் முதல் கட்டு ஒரு நில வழக்கு. கம்பெனி தரப்பு. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் ஜனங்கள் 2022இல் போராட உட்கார்ந்த வட்டாரம் எங்களுடையது. அவள் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் 'நிலம்', 'கம்பெனி' என்ற இரண்டு சொல் சேர்ந்து காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது.

காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் சித்தப்பா அவளிடம் எதுவும் பேசவில்லை. எனக்கு ஃபோன் போட்டு, "நீ சொல்லுப்பா அவகிட்ட" என்றார். கோட் எழுதுகிறவனுக்கு சட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? இதே பாதையில் போனவர்களைத் தேடிப் படித்தேன். ஸ்ரீ ஸ்ரீனிவாசனிடம் போய் நின்றேன்.

அப்பாவின் பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். ஸ்ரீனிவாசன் பிறந்தது சண்டிகரில், 1967இல். வளர்ந்தது அமெரிக்காவின் கான்சஸில். சட்டம் முடித்ததும் ஒரு ஃபெடரல் நீதிபதியிடம் கிளார்க், பிறகு உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ'கானரிடம். அங்கிருந்து தனியார் நிறுவனம், அரசு, மறுபடி தனியார், மறுபடி அரசு. தனியாரில் இருந்தபோது என்ரான் மோசடியில் சிக்கிய ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக 2010இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இந்தோனேசியாவின் ஆச்சே கிராமத்து மக்கள் தொடுத்த வழக்கில் எக்ஸான் மொபில் பக்கம் நின்றார். 2013இல் நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது இதைச் சிலர் கிளப்பினார்கள். செனட்டில் வாக்கு 97–0. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. எனக்கு அந்தப் பூஜ்யம்தான் ஆச்சரியம்.

அந்த ஊரில் இதற்கு விலையும் உண்டு. உச்ச நீதிமன்ற கிளார்க்காக இருந்தவர் வேலையில் சேர்ந்தாலே, சம்பளம் போக, 4 லட்சம் டாலருக்கு மேல் கையில் கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. நீதிபதியின் ஆண்டுச் சம்பளமே 3 லட்சம் டாலரை ஒட்டித்தான். வெளியே வந்தபின் 2 வருடம் அதே நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது என்று விதி. அது தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். நீதிபதி ஒரு மனுவை எப்படிப் படிப்பார், எந்தப் பக்கத்தில் சலிப்பார் என்று தெரிந்த ஆளுக்கு அந்த விலை. நம்மூரில் நீதிபதிகளுக்குக் கடிவாளம் இருக்கிறது: ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தான் இருந்த நீதிமன்றத்தில் வாதாட முடியாது, உச்ச நீதிமன்ற நீதிபதி எங்கேயுமே முடியாது.

பொதுப் பணத்தில் கற்ற வித்தை தனியாருக்குப் போவது எனக்கு உறுத்துகிறது. அரசுக் கல்லூரியில் படித்து அமெரிக்க வங்கிக்கு கோட் எழுதுகிற நான் இதைச் சொல்வது வேடிக்கைதான். அவளும் அதையே சொல்லிக் காட்டினாள். "ஏன்ணா, உனக்கு ஒரு நியாயம் எனக்கு ஒண்ணா?"

பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். சித்தப்பா அன்றைக்குத்தான் நேராகக் கேட்டார்.

"ஜட்ஜய்யாகிட்ட இருந்தப்ப ரெண்டு பக்கமும் படிச்சேன்னியே. இனிமே?"

"இனிமேயும் ரெண்டு பக்கமும்தாம்பா. எதிராளி பக்கத்தைத்தான் அதிகமா படிக்கணும்."

"அவங்க சொல்றதுல நியாயம் இருந்தா?"

"அதை அவங்க வக்கீல் சொல்லுவாரு. நான் சொல்லக் கூடாது."

சித்தப்பா கொஞ்ச நேரம் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அந்த நிலம் எந்த ஊருல இருக்கு?"

"திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் நமக்கு சொந்தக்காரங்க யாரும் இல்லல்ல?" என்று சித்தியைப் பார்த்தார்.