காற்றூட்டும் பட்டறை

போடிநாயக்கனூரிலிருந்து பொட்டிபுரம் செல்லும் பாதையில், ஏலமலைச் சரிவுகள் மேற்கே ஓங்கி நிற்கும் ஒரு பட்டறைக்கு நான் சென்றபோது, தோட்ட உரிமையாளர் ஒருவருடைய பழைய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 250 டீசல் கார், பானெட் திறந்தபடி, டர்போவுக்காகக் காத்திருந்தது. புனேயில் 1995 முதல் உருவான அந்த வகைக் காரின் எஞ்சின், காற்றைத் தானாகவே உறிஞ்சிக்கொள்வது. சமவெளியில் கௌரவமாக ஓடும் அது, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலேறிப் போடிமெட்டை அடைவதற்குள், காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவதால், தன் சக்தியிலும் ஏறக்குறைய அவ்வளவை இழந்துவிடுகிறது.

“மேல போகப் போக வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு மொதலாளி சொல்றாருங்கய்யா” என்றார் மேஸ்திரி.

வீணே வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ என்னும் உபாயத்துக்கு ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ், விமான எஞ்சின் ஒன்றை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கே கொண்டுசென்று, மெல்லிய காற்றிலும் டர்போவால் அதன் சக்தி குன்றாதிருப்பதை நிரூபித்தார்.

பட்டறையின் லேத்தில் இளைஞர் ஒருவர், டர்போவை ஏந்தவேண்டிய மேனிஃபோல்டின் முகத்தைச் சமதளமாகக் கடைந்துகொண்டிருந்தார். அங்கே மயிரிழை இடைவெளி இருப்பினும் புகை கசிந்து சக்கரத்தின் வேகம் தணிந்துவிடும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு ஆயில் படலத்தின்மீது மிதந்தே சுழல்வதால், ஆயில் வரும் குழாயைவிடத் திரும்பும் குழாயைப் பற்றியே மேஸ்திரி அதிக கவலை கொண்டார். அது அகலமாயிருந்து, ஓரிடத்திலும் மேலேறாமல் சரிந்தே இறங்கி, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும். இல்லையேல் தேங்கும் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் புகும்.

“டர்போ மாட்டுறது பெரிய வேலையில்லங்கய்யா. பிஸ்டன் தாங்கணும், அதுதான் வேலை.”

அவர் வாக்கு சத்தியம். டீசல் எஞ்சினில் காற்றோடு டீசலையும் கூட்டினாலன்றிச் சக்தி பெருகாது. டீசல் மிதமிஞ்சினாலோ உஷ்ணம் ஏறிப் பிஸ்டனே உருகக்கூடும். பென்ஸ் நிறுவனமே 1978இல் தன் ஐந்து சிலிண்டர் டீசலுக்கு டர்போ சேர்த்து 300 எஸ்டி காரை வெளியிட்டபோது, பிஸ்டன்களின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்தது. அத்தகைய ஏற்பாடு உண்டா என்று சம்ப்பைக் கழற்றிப் பார்த்து, புகைக்குழாயில் உஷ்ணமானி ஒன்றைப் பொருத்திய பின்னரே அழுத்தத்தின் அளவை நிச்சயிப்பது மேஸ்திரியின் நியமம். உரிமையாளர் மேலும் வேகம் கேட்டபோது, மலை ஏறுவதற்குப் போதுமானதற்கு மேல் தர முடியாதென்று அவர் பணிவோடு, ஆனால் உறுதியாக, மறுத்ததை நான் நேரில் கண்டேன்.

பல வருஷப் பிரயாசையால் கைவந்த இந்த நிதானம் பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடலாகாது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகைய மேஸ்திரிகளை ஆசிரியர்களாக அழைத்து, உரிய ஊதியமும் மரியாதையும் அளித்து, எஞ்சினின் சக்தியைக் கூட்டுமுன் அதன் தாங்குதிறனை அளந்தறியும் வித்தையை அவர்களிடமிருந்தே மாணவர்கள் கற்கச் செய்யவேண்டும்.