நெரெத்வா நதியின் மேல் ஒரு பாலம்

பொஸ்னியா நாட்டின் தென்பகுதியில் மொஸ்தார் என்றொரு பழைய நகர் இருக்கிறது. 'மோஸ்த்' என்றால் அந்நாட்டு மொழியில் பாலம். அன்று பாலத்தைக் காவல் காத்தவர்களை 'மொஸ்தாரி' என்று அழைத்தார்கள். ஊருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாலத்தின் பெயரால் வாழும் அந்த ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கும் வாய்ப்பு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுகளுக்காகக் காத்திருந்த நாட்களில் எனக்குக் கிடைத்தது.

ஐரோப்பாவில் மேற்படிப்பை முடித்திருந்த நானா, ஊர் திரும்புமுன் சில நாடுகளைப் பார்க்க விரும்பி என்னையும் அழைத்தார். வாப்பா சம்மதித்தார். "முதுகில் சுமக்கக் கூடியதை மட்டும் கொண்டு போ மகள்" என்று சொன்ன உம்மாவே, அந்தப் பைக்குள் ஒரு போத்தல் சீனிச் சம்பலையும் வைத்துவிட்டார்.

சரயேவோவிலிருந்து ரயிலில் புறப்பட்டோம். சுமார் இரண்டு மணித்தியாலப் பயணம். சுரங்கங்களைக் கடந்து மலைகளுக்கிடையே இறங்கும்போது நெரெத்வா நதி கூடவே வந்தது. அதன் பச்சை நிறத்தைப் போல ஒரு பச்சையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பைகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு நேரே பாலத்துக்கு நடந்தோம். 'ஸ்தாரி மோஸ்த்', அதாவது பழைய பாலம். உஸ்மானியர் ஆட்சியில், கட்டடக் கலைஞர் மிமார் ஹைருத்தீன் 1566இல் கட்டி முடித்தது. நடுவில் தூணே இல்லை. ஏறத்தாழ 29 மீற்றர் அகலமான ஒரே வளைவு, இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கற்கள் வழுவழுப்பாக இருப்பதால் கால் வழுக்காதிருக்கக் குறுக்கே கல் வரம்புகள் வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் சிலர் உல்லாசப் பயணிகளிடம் காசு சேர்த்துக்கொண்டு, 20 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நானா படம் எடுத்தார்.

ஆனால் நாங்கள் நின்றது ஹைருத்தீன் கட்டிய பாலத்தில் அல்ல. 427 வருடங்கள் நின்ற அந்தப் பாலம், 1993 நவம்பர் 9ஆம் திகதி குரோவேஷியப் படையினரின் ஷெல் தாக்குதலில் ஆற்றுக்குள் விழுந்தது. போருக்குப் பின் ஹங்கேரிய இராணுவச் சுழியோடிகள் ஆற்றடியிலிருந்து கற்களை மீட்டெடுத்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி சிதைந்திருந்தன. அதனால் அதே பகுதியில் கிடைக்கும் அதே வகைக் கல்லை வெட்டி, பழைய முறையிலேயே மீளக் கட்டினார்கள். 2004 ஜூலையில் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றது.

அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் ஒரு மையவாடியைக் கண்டோம். முன்பு அது பூங்காவாக இருந்ததாம். வெள்ளை மீஸான் கற்களில் பிறந்த வருடங்கள் வெவ்வேறாக இருந்தன. இறந்த வருடமோ ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே: 1993. என் வயதை ஒத்தவர்களும் அங்கே இருந்தார்கள். நானாவும் நானும் பேசாமல் நின்று துஆ செய்தோம்.

இரவு, தங்குமிடத்தை நடத்தும் பெண்மணி சிறிய செப்புப் பாத்திரத்தில் கோப்பி கொண்டு வந்தார். அருகிலே 'லோகும்' என்ற இனிப்பு. பாலம் விழுந்தபோது அவருக்கு என் வயதாம்.

"பாலத்தை மூன்று வருடத்தில் கட்டிவிட்டோம். பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்த இன்னும் முடியவில்லை" என்றார் அவர்.

நகரின் புகழ்பெற்ற பழைய பாடசாலை ஒன்றைப் பற்றியே அவர் சொன்னார். நிர்வாகம் ஒன்று, கட்டடமும் ஒன்று. ஆயினும் பொஸ்னியாக் மாணவருக்கு ஒரு பாடத்திட்டம், குரோவேஷிய மாணவருக்கு வேறொன்று. இத்தனைக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே விளங்கும்.

"உங்கள் நாட்டில் எப்படி?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் வீதியைப் பற்றிச் சொன்னேன். அங்கே முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, சிங்களப் பாடசாலை என மூன்று இருக்கின்றன. காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம், இறங்கியதும் மூன்று வாயில்களுக்குப் பிரிந்து போவோம்.

அவர் சற்று யோசித்தார். "அந்த பஸ்ஸில் பேசிக்கொள்வீர்களா?"

"சிலர் பேசுவார்கள்" என்றேன்.

மறுநாள் காலையில் விடைபெறும்போது, ஒரு கடதாசிப் பொட்டலத்தில் லோகும் சுற்றி என் கையில் வைத்தார். "உன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளுக்கும் கொடு" என்றார். பைகளைச் சுமந்துகொண்டு மீண்டும் பாலத்தின் மேலேறினோம். ஏறும்போது முன்னே வானம் மட்டுமே தெரிகிறது. நடுவுக்கு வந்த பிறகுதான் அக்கரையில் இருப்பவர்களின் முகங்கள் தெரிகின்றன.

நானா வழியிலேயே பாதியைச் சாப்பிட்டுவிட்டார். மீதி ஊருக்கு வந்தது. அந்த வாரம் ஆங்கில வகுப்புக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த சிங்கள மாணவியிடம் பொட்டலத்தை நீட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இது எந்த ஊர் இனிப்பு?" என்று சிங்களத்தில் கேட்டாள். பாதி சிங்களத்திலும் பாதி கைகளாலும் ஒரு பாலத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் இறங்க வேண்டிய இடம் வந்தபோது நான் 1993ஐத்தான் எட்டியிருந்தேன். "மீதியை நாளைக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.